பாரிஸில் யூஜிசி இல்லிமித்தே கார்டு: காசு போகிற வழியையும் பார்த்துவிட்டு எடுங்கள்

சினிமா பிடிக்கும், பாரிஸிலோ அதைச் சுற்றியோ குடியிருக்கிறீர்கள் என்றால் யூஜிசி என்ற தியேட்டர் நிறுவனத்தின் இல்லிமித்தே கார்டை எடுத்துவிடுங்கள். கைக்காசு மிச்சமாகும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நீங்கள் கட்டும் பணம் அப்புறம் எங்கே போகிறது என்பது. நான் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறவள். ஒரு தொகை எந்தெந்தத் தலைப்பில் பிரிகிறது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. இந்தக் கார்டைப் பல வருடங்களாக வைத்திருப்பதற்கும் அதுதான் பாதிக் காரணம்.

முதலில் கார்டைப் பற்றி. இது மாதச் சந்தா. கட்டணம் மாதத்துக்கு இருபது யூரோவுக்குக் கொஞ்சம் மேல். அவ்வப்போது ஏறும், எடுக்கும் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 26 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குறைவு. யூஜிசியின் லே ஆல் தியேட்டரில் மாலைக் காட்சிக்கு முழு விலையில் இரண்டு டிக்கெட் வாங்கினாலே அந்த மாதச் சந்தாவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் எத்தனை படம் பார்த்தாலும் தனியாகக் காசு இல்லை. கார்டில் உங்கள் பெயரும் போட்டோவும் இருக்கும், இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்ப முடியாது. கூட ஒருவரை அழைத்துப் போவதற்கென்று இருவர் கார்டு தனியாக இருக்கிறது. அதில் கூட வருபவர் யாராகவும் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. நான் வைத்திருப்பது அதுதான். ஒரு வாரம் மகள், ஒரு வாரம் ஆபீஸ் தோழி, ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் அம்மா.

யூஜிசி தியேட்டர்கள் மட்டுமல்ல, எம்கே2 என்ற இன்னொரு நிறுவனத்தின் தியேட்டர்களிலும் செல்லும். லத்தீன் குவார்ட்டியேவில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஓட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தியேட்டர்கள் பலவற்றிலும் செல்லும். கூட்டம் வேண்டுமென்றால் லே ஆல்: பூமிக்கு அடியில் 27 திரை, பிரான்ஸிலேயே அதிகம் பேர் வந்து போகிற தியேட்டர். எனக்கு அதைவிடப் பிடித்தது லா விலெத் நீர்நிலையின் இரு கரையிலும் எதிரெதிராக இருக்கும் எம்கே2 தியேட்டர்கள், கேய் த சேனும் கேய் த லுவாரும். தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் காய்கறி, மீன் வாங்கி முடித்தால் இரண்டாம் நம்பர் மெத்ரோவில் அடுத்த ஸ்டேஷன் ஸ்தாலின்கிராத், அங்கிருந்து நடை. முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு நான் உள்ளே போயிருக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

குறைகளும் உண்டு. போனாலும் போகாவிட்டாலும் மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் போய்விடும். மூன்று மாதம் ஊருக்குப் போகிறவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுப்பது நல்லது. ஓபரா ஒளிபரப்பு மாதிரியான சிறப்புக் காட்சிகள் இதில் சேராது. தமிழ்ப் படம் மட்டும்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு இந்தக் கார்டு வேண்டாம். தமிழ்ப் படம் எந்தத் தியேட்டரில் வரும் என்பது படத்துக்குப் படம் மாறும், அதை நம்பி மாதச் சந்தா கட்டுவது சரிவராது. மற்றபடி இங்கே புதுப் படம் புதன்கிழமை வெளியாகும். புதன் மாலை போகிறவர்கள் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன்.

பிரான்ஸில் ஒருவர் பத்து யூரோ கொடுத்து டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10.72 சதவீதம், அதாவது ஒரு யூரோ ஏழு சென்ட், சினிமா டிக்கெட்டுக்கென்று இருக்கும் தனி வரி. மதிப்புக் கூட்டு வரி 5.5 சதவீதம். இசையமைப்பாளர்களின் உரிமைக்காக சசெம் அமைப்புக்கு 1.27 சதவீதம். இதெல்லாம் போக மிச்சம் எட்டேகால் யூரோ அளவில் நிற்கும். அதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். விநியோகஸ்தர் பங்கு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 50-க்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே எல்லை வைத்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு வருவது அந்தப் பங்கிலிருந்துதான்.

அந்த ஒரு யூரோ ஏழு சென்ட் அரசாங்கக் கஜானாவில் கரைந்து போவதில்லை. சே.என்.சே. என்று இங்கே சொல்லும் தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து சினிமாவுக்கே திரும்புகிறது. படம் எடுப்பவருக்கு, எழுதுபவருக்கு, வெளியிடுபவருக்கு, தியேட்டர் நடத்துபவருக்கு என்று. நான் உட்காரும் நாற்காலியைப் புதிதாக மாற்றும் செலவில்கூட அதில் ஒரு பங்கு இருக்கும், ஏனென்றால் தியேட்டர்கள் தங்கள் அரங்கைச் சீரமைக்க இந்த நிதியிலிருந்து தொகை பெறலாம்.

லா ஷப்பேலில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “வரி போறதில உங்களுக்கென்ன அக்கா சந்தோசம்?” எங்கள் காரைக்கால் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், திருவிழாவைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொட மாட்டார்கள். “அந்த மாதிரி வரி தம்பி இது” என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, படம் எந்த நாட்டுடையது என்று இந்த வரி பார்ப்பதில்லை என்பது. ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டம் அலைமோதினாலும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 போகும். பாரிஸ் கிராண்ட் ரெக்ஸில் 2016-இல் ‘கபாலி’ பார்க்கப் போனோமே, அந்த டிக்கெட்டுகளிலும் போனது. நம் ஆட்கள் ரஜினிக்கு விசிலடித்த இரவில் யாரோ ஒரு பிரெஞ்சுப் புது இயக்குநரின் முதல் படத்துக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கிறது.

இது தொடங்கிய கதையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரான்ஸ் கடனில் தவித்த நேரம். 1946 மே மாதம் அமெரிக்காவோடு ஒரு ஒப்பந்தம், கடன் விஷயத்தோடு சேர்ந்து சினிமாவும் அதில் பேசப்பட்டது. ஒவ்வொரு மூன்று மாதத்திலும் நான்கு வாரம் மட்டும் பிரெஞ்சுப் படத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்ற வாரங்களைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். போர்க்காலத்தில் வராமல் கிடந்த அமெரிக்கப் படங்கள் மொத்தமாக வந்து இறங்கின. சினிமாக்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதே 1946 அக்டோபரில் சே.என்.சே. உருவானது, 1948-இல் டிக்கெட் வரியும் உதவி நிதியும் வந்தன. தற்காலிக ஏற்பாடு என்றுதான் கொண்டுவந்தார்கள். இன்றும் நிற்கிறது.

இப்போது கார்டுக்கு வருவோம். டிக்கெட்டே வாங்காத சந்தாக்காரர் படம் பார்த்தால் வரியை எதன் மேல் கணக்கிடுவது, தயாரிப்பாளருக்கு எதைக் கொடுப்பது? 2000 மார்ச்சில் யூஜிசி இந்தக் கார்டைக் கொண்டுவந்தபோது இந்தக் கேள்வியில்தான் பெரிய சண்டை வந்தது. நூறு பிராங்குக்கும் குறைவாக மாதம் முழுக்கப் படம் என்றால் பெரிய நிறுவனங்களைச் சேராத தனித் தியேட்டர்கள் செத்துப்போகும், படத்தின் விலையே இல்லாமல் போய்விடும் என்று சின்ன விநியோகஸ்தர்களும் தயாரிப்பாளர்களும் கொதித்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. 2001 மே மாதம் வந்த சட்டம் அதற்கு விடை சொன்னது. இந்த மாதிரிக் கார்டுக்கு சே.என்.சே.யின் அனுமதி வேண்டும். கார்டுக்காரர் ஒருவர் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குறிப்பு விலை வைத்து, அதன் மேல்தான் வரியும் விநியோகஸ்தர் பங்கும் கணக்கிட வேண்டும். அந்த மாதம் நான் ஒரு படம் பார்த்தாலும் பத்துப் படம் பார்த்தாலும் ஒவ்வொரு நுழைவுக்கும் அந்தக் கணக்கு ஓடும். பெரிய நிறுவனம் தன் கார்டில் சேர விரும்பும் தனித் தியேட்டரைச் சேர்த்துக்கொண்டு அதற்கு உறுதியான தொகை தர வேண்டும் என்றும் சட்டத்தில் வைத்தார்கள். லத்தீன் குவார்ட்டியே தியேட்டரில் என் கார்டு செல்வது அதனால்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒருமுறை ஒரு சின்னத் தியேட்டரில் (பெயர் வேண்டாம்) கார்டைப் படிக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. “பரவாயில்லை மதாம், உள்ளே போங்கள்” என்று வாசலில் நின்ற பையன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். நல்ல பையன்தான். நான் போகவில்லை, டிக்கெட் அச்சடித்துக் கொடு என்று நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தத் துண்டுச் சீட்டு அச்சானால்தான் நான் வந்தது கணக்கில் ஏறும். ஏறாவிட்டால் விநியோகஸ்தருக்கும் காசு இல்லை, நிதிக்கும் காசு இல்லை. அன்றைக்கு ஓடியது ஒரு புது இயக்குநரின் படம், அரங்கில் இருந்ததே ஒரு கைப்பிடி ஆட்கள். அப்படிப்பட்ட படத்துக்கு ஒவ்வொரு சீட்டும் முக்கியம். ஐந்து நிமிடம் கழித்துக் கவுண்டரில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

கார்டு வந்த பிறகு நான் பிரெஞ்சுப் படங்களின் டைட்டிலை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். மற்றவர்கள் போனை அணைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்ற வரவுக் கணக்கு முழுவதும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் திரையில் ஓடும்.

முதலில் தயாரிப்பு நிறுவனங்கள். அப்புறம் ‘பிரான்ஸ் 2 சினிமா’ அல்லது ‘பிரான்ஸ் 3 சினிமா’ என்று வந்தால் அது அரசுத் தொலைக்காட்சியின் பங்கு. இங்கே டிவி சேனல்கள் தங்கள் வருமானத்தில் 3 சதவீதத்துக்கு மேல் படத் தயாரிப்பில் போட வேண்டும் என்பது கட்டாயம். அடுத்து ‘கனால் ப்ளுஸின் பங்கேற்புடன்’ என்ற வரி, இது பல படங்களில் வரும். 1984-இல் தொடங்கிய கட்டணச் சேனல், பிரெஞ்சு சினிமாவுக்குப் பல பத்தாண்டுகளாக மிகப் பெரிய காசுக்காரர். படம் எடுப்பதற்கு முன்பே ஒளிபரப்பு உரிமையை வாங்கிவிடும், அந்த ஒப்பந்தமே தயாரிப்பாளருக்கு மூலதனம். 2025-இல் சினிமாக்காரர்களோடு போட்ட ஒப்பந்தப்படி மூன்று வருடத்தில் குறைந்தது 480 மில்லியன் யூரோ போட வேண்டும். அதற்குக் கைமாறு, தியேட்டரில் வெளியாகி ஆறு மாதத்தில் அவர்கள் அந்தப் படத்தைக் காட்டலாம். நெட்ஃப்ளிக்ஸ் பதினைந்து மாதம் காத்திருக்க வேண்டும். பிரான்ஸில் ஈட்டுவதில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிரெஞ்சு, ஐரோப்பியப் படைப்புகளில் போட வேண்டும் என்று 2021-இலிருந்து நெட்ஃப்ளிக்ஸுக்கும் கட்டாயம் வந்துவிட்டது.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் பெயர்கள் சோஃபிகாக்கள்: சினேமாஜ், கொஃபினோவா, பலத்தின் எத்துவால் மாதிரி. கூடவே ஒரு எண் இருக்கும், இத்தனையாவது நிதி என்று. முதல் தடவை பார்த்தவர்கள் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார்கள். 1985-இல் வந்த ஏற்பாடு இது. சாதாரண ஆள் ஒருவர் இந்த நிதியில் பணம் போடலாம், போட்ட தொகையில் 48 சதவீதம் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். குறைந்தது ஐந்து வருடம் எடுக்க முடியாது. எங்கள் ஆபீஸில் வருட முடிவில் இதைப் பற்றி விசாரிக்கும் மேலாளர்கள் உண்டு. அவர்களுக்குச் சினிமா மேல் ஆசையா வரி மேல் ஆசையா என்று நான் கேட்டதில்லை. எதுவானாலும் காசு படத்துக்குப் போகிறது.

பிறகு பிராந்திய அரசு, ‘இல் த பிரான்ஸ் பிராந்தியத்தின் ஆதரவுடன்’ என்பது போல. கடைசியாக, ஏறக்குறைய எல்லாப் பிரெஞ்சுப் படத்திலும், சே.என்.சே. அதில் ‘அவான்ஸ் சுர் ரெசெத்’ என்ற வார்த்தைகள் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். வசூலை எதிர்பார்த்துக் கொடுக்கும் முன்பணம். அந்த்ரே மால்ரோ கலாச்சார அமைச்சராக வந்த 1959-இல் தொடங்கியது. ஒரு குழு உட்கார்ந்து திரைக்கதையைப் படிக்கும், தேர்ந்தெடுக்கும். முதல் படம் எடுப்பவர்களுக்குத் தனிக் குழு. படம் ஓடினால் வசூலிலிருந்து திருப்பித் தர வேண்டும். ஓடாவிட்டால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். இது தேர்வு செய்து கொடுப்பது. இன்னொன்று தானாகக் கிடைப்பது: தயாரிப்பாளரின் படம் எவ்வளவு டிக்கெட் விற்கிறதோ அதற்கேற்ப அவர் பெயரில் சே.என்.சே.யில் ஒரு தொகை சேரும், அதை அடுத்த படத்தில் மட்டும்தான் போட முடியும். வீடு வாங்க முடியாது, கார் வாங்க முடியாது.

எல்லாம் சேர்ந்தாலும் ஷூட்டிங் தொடங்கும் நாளில் கையில் ரொக்கம் இருக்காது, ஒப்பந்தக் காகிதங்கள்தான் இருக்கும். அந்தக் காகிதத்தின் பேரில் வங்கி கடன் தரும். அதில் வழக்கமாகப் பாதிக்கு 1983-இல் தொடங்கிய இஃப்சிக் என்ற நிறுவனம் உத்தரவாதம் நிற்கும்.

இதைப் படிக்கும்போது கோடம்பாக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் படம் கடனில்தான் எடுக்கிறார்கள், ஆனால் ஃபைனான்சியரிடம். ஏரியா ஏரியாவாக விற்று, எம்.ஜி. என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை வாங்கி, டிவி உரிமையையும் ஓடிடி உரிமையையும் காட்டி வட்டிக்கு மேல் வட்டி கட்டி, ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்து முடிந்து விடிகாலையில் படம் கிளம்பிய கதைகள் எத்தனை. சினிமாவைத் தொழிலாக அங்கீகரிக்கிறோம் என்று 1998-இல் மத்திய அரசு அறிவித்த பிறகும் வங்கிக் கதவு பெரிய நிறுவனங்களுக்குத்தான் ஓரளவு திறந்தது. டிக்கெட்டில் வரி இல்லாமலும் இல்லை. 2017-இல் ஜிஎஸ்டியோடு சேர்த்துத் தமிழ்ப் படங்களுக்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரி 8 சதவீதம் போட்டார்கள். அதில் ஒரு பங்கு அடுத்த படத்துக்கென்று ஒதுங்கியிருந்தால் எத்தனை உதவி இயக்குநர்களின் திரைக்கதை பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பணம் நம் மொழிக்கும் ஒருமுறை பெரிய அளவில் வந்தது. 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’, ழாக் ஓதியார் எடுத்த பிரெஞ்சுப் படம், பேச்சில் பெரும்பகுதி தமிழ். நாயகன் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. தயாரிப்பில் பங்காளி பிரான்ஸ் 2 சினிமா. டிவியின் கட்டாயப் பங்கிலிருந்து ஈழத் தமிழ்ப் பேச்சு நிறைந்த ஒரு படத்துக்குக் காசு போயிருக்கிறது. அப்புறம் 2024-இல் பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’, மும்பையில் மலையாளம் பேசும் நர்ஸுகளின் கதை, கானில் கிராண்ட் ப்ரீ. அதன் முதன்மைத் தயாரிப்பாளர் ஒரு சின்னப் பிரெஞ்சு நிறுவனம். வெளிநாட்டு இயக்குநர்களுக்காக 2012-இல் தொடங்கிய ‘உலக சினிமா உதவி’ நிதியும் அதில் இருந்தது. அந்தப் படத்தை இந்தக் கார்டில்தான் பார்த்தேன், அம்மாவோடு. பிரெஞ்சு சப்டைட்டில் அம்மாவுக்கு எட்டவில்லை, மலையாளம் பாதி எட்டியது, அது போதும் என்றார்.

எதிர்ப்பேச்சும் இங்கே நிறைய உண்டு. வருடத்துக்கு 300 படங்களை ஒட்டி எடுக்கிறார்கள், பாதிப் படத்துக்கு ஆள் வருவதில்லை, மக்கள் காசில் எதற்கு இந்த ஆடம்பரம் என்று டிவி விவாதங்களில் அடிக்கடி கேட்கலாம். ஆள் வராத படங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சில படங்கள் உண்மையிலேயே தாங்க முடியாதவை. ஒரே மாதிரி பாரிஸ் அபார்ட்மெண்ட், ஒரே மாதிரி சோகமான பேராசிரியர். குழுவில் இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இருக்கிறது, புறநகர்ப் பிள்ளைகளின் கதை அந்த மேசைக்குப் போய்ச் சேர்வது கடினம். அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் இந்த நிதி பொது வரிப்பணத்தில் நடப்பது போலப் பேசுவது சரியில்லை. டிக்கெட் வாங்குகிறவரும், டிவி சேனல்களும், வீடியோ விற்பவர்களும் ஓடிடி தளங்களும் கட்டுகிற வரி இது. அதிலும் பெரும்பங்கு டிவி மேல் போடும் வரி. சோஃபிகாவில் கழியும் வருமான வரி தனிக் கணக்கு, அதைப் பற்றிச் சண்டை போடுங்கள், கேட்கிறேன். பலனையும் பாருங்கள். 2024-இல் பிரான்ஸில் 18 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது, அதில் 44 சதவீதத்துக்கு மேல் பிரெஞ்சுப் படங்களுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எந்த நாட்டுக்காரர் தன் படத்துக்கு இவ்வளவு வருகிறார்?

சரி, எடுப்பவர்களுக்கு இரண்டொரு குறிப்பு. தனி ஆள் என்றால் ஒருவர் கார்டு போதும். குடும்பத்தோடு என்றால் இருவர் கார்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மாதம் இரண்டு முறை இருவராகப் போனாலே அநேகமாக நேராகிவிடும். பிரெஞ்சு இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் கேட்கும் குறைபாடு உள்ளவர்களுக்கென்று பிரெஞ்சு எழுத்தோடு போடும் பிரெஞ்சுப் படக் காட்சிகளைத் தேடுங்கள். காதில் விழுவதையே திரையில் படிக்கலாம், மொழி வகுப்பைவிட எனக்கு அதுதான் உதவியது. ஆப்பில் இடம் பிடித்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள், ரத்து செய்தால் இன்னொருவர் உட்காருவார். விளம்பரமும் ட்ரெய்லரும் நீளமாக ஓடும், அந்த நேரத்தை நம்பித் தாமதமாகப் போகலாம். டைட்டில் தொடங்குவதற்குள் மட்டும் உள்ளே இருங்கள்.